மின்சாரத்துக்குக் கணக்குச் சொன்னவர்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து செய்த ஒரு குகைக் கோயில் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி செய்த பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் எடுப்பித்த கோயில் அது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் இந்தக் கோயிலை அமைத்ததாக அங்கேயே கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறார். அந்தக் கல்வெட்டில் அவருக்கு விசித்திரசித்தர் என்று பெயர். புதுமையான எண்ணங்கள் கொண்டவர் என்று பொருள்.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் ஒருமுறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். வாசலில் நிற்கும் துவாரபாலகர்களை எல்லாரும் வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தூணைத் தடவிக்கொண்டே நின்றாள். மேலே இருக்கும் இவ்வளவு பெரிய பாறையின் பளுவை இந்தத் தூண் எப்படித் தாங்குகிறது என்று கேட்டாள். தூணின் தடிமனைக் காட்டி எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன்.

திரும்பும் வழியில் சாலையோரத்தில் ஒரு மின்மாற்றி நின்றது. நாம் டிரான்ஸ்பார்மர் என்கிறோமே, அதுதான். "உம்ம்" என்று இடைவிடாமல் முனகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நெல் வயல்கள். பம்புசெட்டுகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதே மாணவி அடுத்த கேள்வியைக் கேட்டாள். தூணின் தடிமனைப் பார்த்தால் அது பளு தாங்குமா என்று ஓரளவு தெரிகிறது. இந்தப் பெட்டி இன்னும் எவ்வளவு பளு தாங்கும் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி அல்லவா? பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னேன். அந்தக் கணக்கை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பெரியவரின் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் சார்லஸ் ஸ்டெயின்மெட்ஸ்.

பிரெஸ்லாவில் பிறந்த பிள்ளை

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பிரெஸ்லா என்ற நகரில் ஒரு குழந்தை பிறந்தது. அன்று அது ஜெர்மானியர்களின் பிரஷ்யா நாட்டில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் விரோத்ஸ்வாப் என்ற பெயரில் இருக்கிறது. குழந்தைக்குக் கார்ல் என்று பெயர் வைத்தார்கள். தந்தை ரயில்வேயில் வேலை பார்த்தவர்.

பிறக்கும்போதே அந்தக் குழந்தையின் முதுகு வளைந்திருந்தது. தந்தைக்கும் தாத்தாவுக்கும் இருந்த அதே குறை பேரனுக்கும் வந்திருந்தது. ஒரு வயது ஆகும்போது தாய் இறந்துபோனார். பாட்டியின் அரவணைப்பில் கார்ல் வளர்ந்தான். பெரியவன் ஆனபோதும் அவன் உயரம் சுமார் 4 அடிதான். உங்களில் ஐந்தாம் வகுப்பு படிப்பவர்கள் பலர் அந்த உயரம் இருப்பீர்கள்!

ஓடி ஆடி விளையாட முடியாத கார்லுக்குக் கணக்கு தோழனாயிற்று. வகுப்பில் முதல் மாணவனாக விளங்கி, பிரெஸ்லா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நண்பர்கள் அவருக்கு 'புரோட்டியஸ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அது கிரேக்கப் புராணத்தில் வரும் ஒரு கடல் முதியவரின் பெயர். விரும்பிய உருவமெல்லாம் எடுக்கக்கூடியவராம் அவர்.

ஏழைத் தொழிலாளர்கள் நன்றாக வாழ வேண்டும் என்ற எண்ணம் கார்லுக்கு உண்டு. அதற்காகச் சமதர்மக் கொள்கை பேசும் ஒரு பத்திரிகையில் எழுதினார். அந்த நாளில் ஜெர்மானிய அரசு அத்தகைய கொள்கைகளைத் தடை செய்திருந்தது. போலீஸார் அவரைக் கைது செய்யக் காத்திருந்தார்கள். டாக்டர் பட்டம் கைக்கு எட்டும் நேரம். ஆனாலும் 1888-இல் ஊரை விட்டுத் தப்பிச் செல்ல வேண்டியதாயிற்று. சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிக் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பொறியியல் படித்தார்.

துறைமுகத்தில் ஒரு சோதனை

சூரிக்கில் அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஆஸ்மூசன். அவர் அமெரிக்கா புறப்பட்டபோது, தன் நண்பரையும் அழைத்துக்கொண்டார். 1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இருவரும் கப்பலில் நியூயார்க் துறைமுகம் வந்து இறங்கினார்கள்.

அங்கே குடிவரவு அதிகாரிகள் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே அனுப்பினார்கள். கார்லின் முறை வந்தது. குட்டையான உருவம், வளைந்த முதுகு, கையில் பணம் இல்லை, ஆங்கிலமும் சரியாகப் பேச வரவில்லை. இந்த மனிதனால் உழைத்துப் பிழைக்க முடியாது, நாட்டுக்குச் சுமையாகத்தான் இருப்பான் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். திருப்பி அனுப்பவும் தயாராகிவிட்டார்கள்.

ஆஸ்மூசன் விடவில்லை. தன் நண்பர் எவ்வளவு பெரிய அறிவாளி என்று எடுத்துச் சொன்னார். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு தன்னுடையது என்று உறுதி கொடுத்தார். அதன் பிறகே கார்லை உள்ளே விட்டார்கள்.

பார்த்தீர்களா? ஓர் ஆளின் உருவத்தைப் பார்த்து, இவன் இவ்வளவுதான் தாங்குவான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை அடுத்த மூன்றே ஆண்டுகளில் உலகம் பார்த்தது.

புதிய நாட்டில் அவர் தன் பெயரை அந்த ஊர் வழக்கப்படி சார்லஸ் என்று மாற்றிக்கொண்டார். நடுப்பெயராக, நண்பர்கள் வைத்த பட்டப்பெயரையே சேர்த்துக்கொண்டார். சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டெயின்மெட்ஸ் ஆனார். நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஐக்மையர் என்பவரின் தொழிற்சாலையில் படம் வரையும் வேலை கிடைத்தது. தொப்பி செய்யும் இயந்திரங்களும் மின்சார மோட்டார்களும் செய்த தொழிற்சாலை அது. ஐக்மையரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான். இளைஞரின் திறமையைக் கண்டுகொண்டு, ஆராய்ச்சி செய்ய வசதி செய்து கொடுத்தார்.

சூடேறும் இரும்பு

இங்கே கொஞ்சம் நின்று, மின்மாற்றி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1831-இல் மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒரு சுருளில் மின்சாரத்தைச் செலுத்தும்போதும் நிறுத்தும்போதும், அதனுடன் ஒட்டு உறவு இல்லாத இன்னொரு சுருளில் மின்சாரம் தோன்றி மறைந்தது. மின்மாற்றியின் கொள்ளுத்தாத்தா அந்த வளையம்தான். சுருள்களின் சுற்று எண்ணிக்கையை மாற்றினால் மின்னழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நம் ஊர் மின்மாற்றி 11,000 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, மோட்டாருக்கும் வீட்டுக்கும் ஏற்றபடி குறைத்துக் கொடுக்கிறது.

இதற்கு, திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. மின்மாற்றிக்குள் இருக்கும் இரும்பில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குட்டிக் காந்தங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மின்சாரம் திசை மாறும்போதெல்லாம் அவையும் திரும்ப வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் உங்களை இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று நொடிக்கு 50 முறை விரட்டினால் எப்படி இருக்கும்? வியர்த்துக் கொட்டாதா? இரும்புக்கும் அப்படித்தான். திரும்பத் தயங்குகிறது, அதனால் சூடாகிறது. இதைக் 'காந்தத் தயக்கம்' என்பார்கள். மின்மாற்றி முனகுவதற்கும் இந்த ஓயாத காந்த மாற்றமே காரணம். அப்போது இரும்புத் தகடுகள் மிக மிக நுண்ணிய அளவில் நீண்டு நீண்டு சுருங்குகின்றன.

சூடு என்றால் நட்டம். மின்சாரம் வீணாகிறது, கருவியும் கெடுகிறது. ஆனால் எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டியே சொல்ல அந்நாளில் எளிய வழி இல்லை. ஒரு கருவியைச் செய்து, ஓட்டிப் பார்த்து, சூடு மிகுந்தால் மாற்றிச் செய்தார்கள். தோசை சுட்டுப் பார்த்து மாவு பதமா என்று அறிவது போல! தோசை கருகினால் ஒரு தோசைதான் போகும். பெரிய மின்கருவி கருகினால்?

ஸ்டெயின்மெட்ஸ் பொறுமையாக அளந்தார். நூற்றுக்கணக்கான அளவுகளை எழுதிக் கூட்டிப் பெருக்கிப் பார்த்தார். அவற்றுக்குள் ஒளிந்திருந்த ஒழுங்கு அவருக்குப் பிடிபட்டது. இரும்பில் காந்தச் செறிவை இரண்டு மடங்கு ஆக்கினால், தயக்கத்தால் வரும் நட்டம் இரண்டு மடங்கும் அல்ல, நான்கு மடங்கும் அல்ல, ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது! இந்த விதியை 1892 ஜனவரியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் படித்தார். அப்போது அவருக்கு வயது 26. கருவி செய்வதற்கு முன்பே, எவ்வளவு சூடாகும் என்று காகிதத்தில் கணக்குப் போட வழி பிறந்தது. துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்பட இருந்தவரின் பெயர் பொறியாளர்கள் நடுவே பரவிவிட்டது.

தேர் வடமும் மின்சாரமும்

அடுத்த ஆண்டு ஐக்மையரின் தொழிற்சாலையை ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. ஸ்டெயின்மெட்சும் அந்த நிறுவனத்துக்குப் போனார். 1894 முதல் ஸ்கெனெக்டடி என்ற ஊரில் குடியேறினார். வாழ்நாள் முழுவதும் அதுவே அவர் ஊராயிற்று.

1893-இல் சிகாகோ நகரில் நடந்த பன்னாட்டு மின்பொறியாளர் மாநாட்டில் அவர் இன்னொரு பெரிய செய்தியைச் சொன்னார். அதைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்குப் போவோம், வாருங்கள்.

மேல்மலையனூர்த் தேரை இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வடத்தை நேராக முன்னோக்கி இழுப்பவர்களின் பலம் முழுவதும் தேரை நகர்த்துகிறது. சிலர் பக்கவாட்டில் இழுத்தால்? அவர்கள் கையும் வலிக்கும், வடமும் விறைக்கும். ஆனால் அந்தப் பலத்தால் தேர் ஓர் அங்குலம்கூட முன்னே போகாது.

மோட்டார்களும் இப்படித்தான் மின்சாரத்தை இழுக்கின்றன. ஒரு பகுதி நெல் அரைக்கிறது, தண்ணீர் இறைக்கிறது. இது நேர் இழுப்பு. இதைக் கிலோவாட்டில் அளப்பார்கள். இன்னொரு பகுதி மோட்டாருக்குள் காந்தத்தை உண்டாக்குவதற்காக வந்து வந்து திரும்பிப் போகிறது. இது பக்க இழுப்பு. மின்மாற்றி தேர் வடம் போன்றது. நேர் இழுப்பு, பக்க இழுப்பு இரண்டின் விறைப்பையும் அது தாங்கியாக வேண்டும். அந்த மொத்த விறைப்பைத்தான் கே.வி.ஏ. என்ற அளவில் சொல்கிறார்கள். மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் 63 கே.வி.ஏ., 100 கே.வி.ஏ. என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இரண்டையும் எப்படிக் கூட்டுவது? வீட்டு வாசலிலிருந்து கிழக்கே 4 அடியும் பிறகு வடக்கே 3 அடியும் நடங்கள். வாசலுக்கும் உங்களுக்கும் நேர்த் தொலைவு எவ்வளவு? 7 அடி அல்ல, 5 அடி! 4-இன் வர்க்கம் 16, 3-இன் வர்க்கம் 9. இரண்டும் சேர்ந்து 25. அதன் வர்க்கமூலம் 5. மின்சாரத்தின் நேர் இழுப்பையும் பக்க இழுப்பையும் இப்படித்தான் கூட்ட வேண்டும்.

ஸ்டெயின்மெட்சுக்கு முன்னால் இதற்குப் பக்கம் பக்கமாகக் கடினமான கணக்குப் போட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? கணித அறிஞர்கள் வெகுநாளாக வைத்திருந்த கலப்பெண்களை எடுத்தார். அவற்றில் ஒரு பாதி சாதாரண எண், மறு பாதி கற்பனை எண். நேர் இழுப்புக்குச் சாதாரண எண், பக்க இழுப்புக்குக் கற்பனை எண். அவ்வளவுதான்! கடினமான கணக்கு, கூட்டல் பெருக்கலாகச் சுருங்கிவிட்டது. மேல்நிலை வகுப்பில் கலப்பெண்கள் உங்களுக்குப் பாடமாக வரும். இதனால் என்ன பயன் என்று அப்போது சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை நிமிர்ந்து பாருங்கள்!

மாநாட்டில் கேட்டவர்களில் பலருக்கு அது உடனே புரியவில்லை. அவர் கோபப்படவில்லை. பொறுமையாகப் பாடப்புத்தகங்கள் எழுதினார். மாறுதிசை மின்சாரம் பற்றிய அவருடைய முதல் பெரிய நூல் 1897-இல் வெளிவந்தது. புரியாதவர்களுக்குப் புரியவைப்பது தன் கடமை என்று நினைத்தவர் அவர்.

அரிசி ஆலைக் கணக்கு

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். செஞ்சிப் பக்கம் நெல் விளைச்சல் அதிகம். அங்கே ஓர் அரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கென்று தனியாக 100 கே.வி.ஏ. மின்மாற்றி இருக்கிறது. எல்லா இயந்திரங்களும் ஓடும்போது நேர் இழுப்பு 64 கிலோவாட். பக்க இழுப்பு 48. இப்போது ஆலைக்காரர் மின்சாரக் கம்பியிலிருந்து 20 கிலோவாட் எடுக்கும் புதிய மோட்டார் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறார். அதன் பக்க இழுப்பு 15. மின்மாற்றி தாங்குமா?

அவசரக்காரர் 64-ஐயும் 20-ஐயும் கூட்டுவார். 84. நூறுக்குள் இருக்கிறது, தாங்கும் என்பார். தவறு!

ஸ்டெயின்மெட்ஸ் வழியில் போவோம். நேர் இழுப்பு மொத்தம் 84. பக்க இழுப்பு மொத்தம் 63. 84-இன் வர்க்கம் 7,056. 63-இன் வர்க்கம் 3,969. கூட்டினால் 11,025. அதன் வர்க்கமூலம் 105. மின்மாற்றியின் அளவோ 100. தாங்காது!

ஐந்துதானே அதிகம் என்று நினைக்கிறீர்களா? சிறிது நேரம் என்றால் மின்மாற்றி பொறுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தினமும் மணிக்கணக்கில் என்றால் பொறுக்காது. கம்பிச் சுருளில் எழும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்காகும். உள்ளே கம்பிகளுக்குக் காப்பாகக் காகிதம் சுற்றி, எண்ணெயில் அமிழ்த்தி வைத்திருப்பார்கள். எப்போதும் அளவுக்கு மேல் ஆறேழு டிகிரி சூடு இருந்தாலே, அந்தக் காகிதத்தின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பொறியாளர்களின் கணக்கு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று எல்லாம் முடிந்துவிடும்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில், ஒரு கோடையில் கணக்குப் பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஓர் இரவு மின்மாற்றி எரிந்துபோனது. வேறு ஒன்று வந்து சேரும்வரை கதிர் பிடிக்கும் நேரத்தில் பயிர்கள் தண்ணீர் இல்லாமல் வாடின. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அரிக்கேன் விளக்கில் தேர்வுக்குப் படித்தார்கள். ஒரு தாளில் நான்கு வரிக் கணக்குப் போட்டிருந்தால் அத்தனை துன்பமும் இல்லை.

சரி, நம் ஆலைக்காரர் புது மோட்டார் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா? வேண்டாம்! பக்க இழுப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. மின்தேக்கி, அதாவது கெபாசிட்டர் என்ற கருவி எதிர்ப்பக்கமாக இழுக்கும். தேர் வடத்தைச் சிலர் இடப்பக்கம் இழுக்கும்போது, வேறு சிலர் அதே அளவு வலப்பக்கம் இழுத்தால் இரண்டும் சரியாகிவிடும் அல்லவா? அதைப் போல. 28 அளவுள்ள மின்தேக்கி ஒன்றைப் பொருத்தினால், பக்க இழுப்பு 63-இலிருந்து 35 ஆகக் குறையும். 84-இன் வர்க்கம் 7,056. 35-இன் வர்க்கம் 1,225. கூட்டினால் 8,281. அதன் வர்க்கமூலம் 91. நூறுக்குள் வந்துவிட்டது! அதே மின்மாற்றி, அதே மோட்டார். இப்போது தாங்கும்.

இன்னும் சிலவற்றையும் பொறியாளர்கள் பார்ப்பார்கள். மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் எடுக்கும். ஆகவே எல்லா மோட்டார்களையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. ஒருநாள் மட்டும் அளந்தால் போதாது. ஆலை மும்முரமாக ஓடும் அறுவடைக் காலத்தில் அளக்க வேண்டும். மூன்று கம்பிகளிலும் மின்னோட்டம் சமமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஸ்டெயின்மெட்ஸ் சொல்லிக்கொடுத்த கணக்குதான்.

தாத்தா, ஆசிரியர், நகர சேவகர்

தன் குறை தன் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சி, ஸ்டெயின்மெட்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவர் தனியாகவும் வாழவில்லை. தன் ஆய்வுக்கூட உதவியாளர் ஹேடன் என்பவரைக் குடும்பத்தோடு தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். பிறகு அவரையே சட்டப்படி மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். ஹேடனின் மூன்று குழந்தைகளுக்கும் அவர் தாத்தா ஆனார். அவர்களுக்குக் கதை சொல்வதும் வேடிக்கையான பரிசோதனைகள் செய்து காட்டுவதும் அவருக்கு மிகவும் பிடித்த வேலை.

அவர் வீட்டில் கண்ணாடிக் கூடம் ஒன்று இருந்தது. அதில் கள்ளிச் செடிகளையும் ஆர்க்கிட் மலர்ச் செடிகளையும் வளர்த்தார். முதலை இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகளையும் காகங்களையும்கூட வளர்த்தார்! கோடையில் ஆற்றங்கரையில் ஒரு மரக்குடிலில் தங்குவார். சிறு படகில் குறுக்கே பலகை ஒன்றை வைத்து, மிதந்தபடியே கணக்குப் போடுவார்.

1902-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. அதே ஆண்டு ஊரிலிருந்த யூனியன் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர் ஆனார். வாழ்நாளில் சுமார் 200 காப்புரிமைகள் பெற்றார்.

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அவர் ஸ்கெனெக்டடி நகரக் கல்விக் குழுவின் தலைவராகவும் இருந்தார். நகரம் வேகமாக வளர்ந்ததால் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. அவர் புதிய பள்ளிக் கட்டடங்களுக்கு ஏற்பாடு செய்தார். இலவசப் பாடநூல்களுக்காகப் பாடுபட்டார். உடல்நலம் குன்றிய பிள்ளைகளுக்கும் ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் தனி வகுப்புகள் தொடங்கச் செய்தார். மின்மாற்றி எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டவர், ஒரு பிள்ளையின் திறமையை மட்டும் உருவத்தைப் பார்த்து அளக்கக்கூடாது என்பதைத் தன் வாழ்க்கையிலேயே அறிந்தவர் அல்லவா!

மின்னல் செய்த மனிதர்

1920-இல் அவருடைய ஆற்றங்கரைக் குடிலில் மின்னல் தாக்கியது. சுவரில் இருந்த கண்ணாடி சுக்குநூறாக உடைந்தது. வேறு யாராக இருந்தாலும் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். அவரோ துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒட்டவைத்தார். மின்னல் எந்த வழியாகப் போயிருக்கிறது என்று அந்தத் தடத்தை ஆராய்ந்தார்.

மின்னல் மின்கம்பிகளில் இறங்கினால் மின்மாற்றிகள் பாழாகிவிடும். அவற்றைக் காக்கும் கருவிகளைச் சோதிக்க வேண்டும். ஆனால் மின்னல் நாம் அழைக்கும்போது வருமா? ஆகவே அவர் ஆய்வுக்கூடத்திலேயே மின்னலைச் செய்தார்! 1922-இல் 1,20,000 வோல்ட் அழுத்தத்தில் பாய்ந்த அந்தச் செயற்கை மின்னல், மரக்கட்டைகளைப் பிளந்தெறிந்தது. அதைப் பார்க்க எடிசனே வந்தார். இன்று நம் ஊர் மின்மாற்றியின் மேலே இடிதாங்கிக் கருவிகளைப் பார்க்கிறோம். அத்தகைய கருவிகளைச் செம்மைப்படுத்த அவருடைய மின்னல் ஆராய்ச்சி பெரிதும் உதவியது.

1923-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு நீண்ட பயணம் போய் வந்த களைப்பில் இருந்த ஸ்டெயின்மெட்ஸ், தூக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 58.

அச்சாணி

எவ்வளவு பெரிய தேரானாலும் அது ஓடுவது ஒரு சிறிய அச்சாணியை நம்பித்தான். ஆகவே யாரையும் உருவத்தைப் பார்த்து இகழக்கூடாது என்று நம் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். ஸ்டெயின்மெட்ஸ் மின்சாரத் தேரின் அச்சாணி.

மாணவச் செல்வங்களே, மின்மாற்றியின் அருகில் ஒருபோதும் போகாதீர்கள். அதன் வேலியைத் தொடவும் கூடாது. எட்ட நின்றே அதன் முனகலைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு விளக்குகள், மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் எல்லாம் எத்தனை வாட் என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாம் ஓடினால் எவ்வளவு என்று தெரியும். அடுத்த முறை வீட்டுக்குப் புதிதாக ஏதாவது வாங்கும்போது, வீட்டு ஒயரிங் தாங்குமா என்று முதலில் கேட்பவர் நீங்களாக இருக்கட்டும்.

மண்டகப்பட்டுத் தூணைத் தடவிக் கேள்வி கேட்ட மாணவி இன்று ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. அவள் வகுப்பில் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்குப் போடச் சொல்வாளாம். பார்த்து முடிவு செய்யாதே, அளந்து முடிவு செய் என்ற பாடத்தை அவள் மறக்கவில்லை.